சத்தத்தைக் காணோம்

மற்ற வீடுகளில் சத்தம் போடுகிற பிள்ளைக்கு வசவு விழும். என் பெரியம்மா வீட்டில் சத்தம் போடாத பிள்ளைக்கு விழும்.

அவள் என் அம்மாவுக்கு மூத்தவள். சோழவந்தானுக்கு மேற்கே, வைகைக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெரியப்பாவுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்சம் வயலும், வீட்டுக்குப் பின்னால் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கமலைக் கிணறும் இருந்தன. கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் சாத்தியதும் அம்மா என்னையும் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு மதுரையில் ரயில் ஏறுவாள். சோழவந்தான் ஸ்டேஷனுக்கு வெளியே பெரியப்பா மாட்டு வண்டியோடு நிற்பார். மறுபடி பள்ளி திறக்கும் வரை நாங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

இந்தச் சித்திரையில் அதே வீட்டில் என் மகளுக்கு ஓர் ஆபத்து வந்து விலகியது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போது நினைவு வருகிறது, கை அப்படியே நின்றுவிடுகிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தால், பேச்சு எப்படியோ பெரியம்மாவிடம் போய் நிற்கிறது. ஆகவே அவளைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா ஒல்லியானவள், உயரமானவள். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும். அடுப்படியில் இருந்தாலும், மாட்டுக் கொட்டத்தில் இருந்தாலும், கொல்லையில் புளி உடைத்துக்கொண்டிருந்தாலும், இடையிடையே தலையைத் தூக்கிக் கத்துவாள்.

"எங்கடா சத்தத்தைக் காணோம்?"

உடனே வீட்டின் எல்லா மூலையிலிருந்தும் பதில் போக வேண்டும். "இங்கிட்டு இருக்கேன்!" "மச்சுல இருக்கேன்!" "கன்னுக்குட்டிகிட்ட இருக்கேன்!" அவளுடைய இரண்டு பையன்கள், நாங்கள் இருவர், தெருவிலிருந்து விளையாட வருகிற பிள்ளைகள் என்று யாராக இருந்தாலும் இந்தச் சட்டம்தான். சாப்பிடும்போதுகூட விலக்கு இல்லை.

"வாயில சோறு இருக்கே, எப்படிப் பேசுறது?" என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள்.

"'ம்'முன்னு சொல்லு. அதுக்குச் சோத்தைத் துப்பணுமாக்கும்?"

தெருக்காரர்கள் அந்த வீட்டைச் சந்தைக்கடை என்றார்கள். "சந்தைக்கடைக்காரி வீட்டுக்குப் போயி கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வா" என்று எங்கள் காதுபடவே சொல்வார்கள். பெரியம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "சந்தையில யாவாரம் நடக்குதுன்னு அர்த்தம். பேச்சு மூச்சு இல்லாத கடைக்கு எவன் வருவான்?" என்பாள்.

பெரியப்பா வாய் திறவாத மனிதர். நாளெல்லாம் கொடிக்காலில் அகத்தி மரங்களுக்கிடையே குனிந்து, வெற்றிலைக் கொடியை நாரால் கட்டிக்கொண்டே இருப்பார். ஒருமுறை விருந்தாளி ஒருவர், "என்ன அண்ணே, பேசவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். "இந்த வீட்டுல எனக்குப் பங்கு விட்டு வச்சாத்தானப்பா பேசுறதுக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். அந்தக் கோடையில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்த வீட்டின் சட்டம் முதலில் பிடிபடவில்லை. மதுரையில் நாங்கள் இருந்தது ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. வீட்டுக்காரர் கீழே இருந்தார். மாடியில் நாங்கள் கொஞ்சம் ஓடினால் கீழிருந்து கம்பால் உத்தரத்தில் இடிப்பார். அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வெளியில் நாளெல்லாம் கூச்சலைக் கேட்டு வருகிறவர். வீட்டில் பேச்சுச் சத்தம் கூடாது. ஆகவே நானும் தங்கையும் கதவைத் திறப்பதுகூட ஓசைப்படாமல் திறக்கப் பழகியிருந்தோம். எங்களைப் பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவிடம், "பிள்ளைக இருக்கிற இடம் தெரியலையே, எம்புட்டு நல்ல வளப்பு" என்பார்கள். அம்மா பூரித்துப் போவாள்.

பெரியம்மாவிடம் அந்த வளர்ப்பு செல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம், வாசலுக்கு நேரே நெல் மூட்டைகளை ஒட்டிக் குளுமையாக இருந்த ஓரிடத்தில் உட்கார்ந்து நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது. இதோ எதிரில்தானே இருக்கிறோம், பார்த்துவிட்டுப் போவாள் என்று பேசாமல் இருந்தேன். அவள் வாசலில் நின்று நேராக என் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கொல்லையில், கிணற்றடியில், தெருவில் என்று என் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டதும் திரும்ப ஓடி வந்தாள். என் தாடையைப் பிடித்துத் தூக்கி, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஏண்டா, இருக்கேன்னு சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

"எதுக்கதானே பெரியம்மா இருந்தேன்!"

"எதுக்க இருந்தா? வாயைத் தொறந்து சொல்லு. நான் என்ன ஒன்னைப் பாத்துக்கிட்டேவா நிப்பேன்?"

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு அழுகை வந்தது. பிறகு பனைவெல்லம் ஒரு துண்டு கொடுத்தாள். அதைச் சப்பிக்கொண்டே சத்தமாகப் படி என்றாள். நான் அந்தப் பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்க, அவள் கூழ் வற்றலுக்கு மாவு கிண்டினாள்.

கோடையில் எங்களுக்குப் பெரிய விளையாட்டு கிணற்றுக் குளியல்தான். கமலை இறைப்பு முடிந்து மாடுகள் அவிழ்க்கப்பட்டதும் நாங்கள் இறங்குவோம். அகலமான கிணறு. ஒரு பக்கம் படிக்கட்டு உண்டு. நீந்தத் தெரியாதவர்களுக்கு முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி விடுவார்கள். தெரிந்தவர்கள் மேலிருந்தே குதிப்பார்கள். பெரியம்மா கிணற்று மேட்டில் வேப்பமர நிழலில் ஒரு சாக்கை விரித்து, புளியம்பழக் குவியலோடு உட்கார்ந்துவிடுவாள். வருஷத்துக்கு வேண்டிய புளியை அந்த மாதத்தில்தான் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து வைப்பாள். அவள் குனிந்த தலை நிமிராது. கிணற்றுப் பக்கம் திரும்பவும் மாட்டாள்.

ஆனால் அங்கே ஒரு முறை இருந்தது. யார் தண்ணீருக்குள் முங்கினாலும், முங்குவதற்கு முன்னால் "முங்குறேன்!" என்று கத்த வேண்டும். மேலே வந்ததும் "வந்துட்டேன்!" என்று கத்த வேண்டும். சும்மா நீந்திக்கொண்டிருப்பவர்கள் ஏதாவது பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்க வேண்டும். கெட்ட வார்த்தை பேசினாலும் அந்த நேரத்தில் மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அதில் நான் கவனித்த ஒன்று உண்டு. ஒருவன் "முங்குறேன்" என்றதும் அவள் கையிலிருக்கிற புளியம்பழம் அப்படியே நிற்கும். ஓட்டை உடைக்க மாட்டாள். "வந்துட்டேன்" என்ற குரல் எழும்பியதும் படக்கென்று உடைபடும். அண்ணன், அதாவது அவளுடைய மூத்த மகன், மூச்சை அடக்கி அடியில் கிடப்பதில் கெட்டிக்காரன். வேண்டுமென்றே நேரம் கடத்துவான். மேலே வந்தால் பெரியம்மாவின் குரல்தான் முதலில் கேட்கும்: "வெளிய வாடா, ஒனக்கு இருக்கு இன்னைக்கு!" வெளியே வந்தால் அடிக்க மாட்டாள். அடுத்த பழத்தை உடைப்பாள்.

பெரியம்மாவைப் பற்றி ஊரில் வேறொரு குறையும் சொல்வார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்று. தெருவில் எதிரே வருகிறவர்களை அவளாக முதலில் வாங்க என்று கேட்டதில்லை. அவர்கள் வாய் திறந்து பேசிய பிறகுதான் முகம் மலர்ந்து நின்று ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்து, "வாங்க மாமா, எப்ப வந்தீக? வெயில்ல நிக்கிறீகளே, உள்ள வாங்க" என்று மிக மரியாதையாக வரவேற்றாள். எட்டிப் பார்த்தால் மாடு கட்டும் கல்தூணில் பெரியப்பாவின் வேட்டியும் தலைத்துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்து, "ஒங்களச் சிரிக்க வைக்கத்தாண்டா சொன்னேன், கூறுகெட்டதுகளா" என்றாள். அதை நாங்கள் நம்பினோம். ஏனென்றால் அவள் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தெருவில் எந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். அரிசியில் கல் பொறுக்க அவளைப் போல ஆள் கிடையாது. முறத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு பொட்டுக் கல்லையும் விடமாட்டாள்.

அவள் வீட்டில் தடை செய்யப்பட்ட ஒரே விளையாட்டு கண்ணாமூச்சி. "ஒளியிறதெல்லாம் திருடன் பொழப்பு. வேற ஏதாச்சும் ஆடுங்க" என்று விடுவாள். எனக்கு எட்டு வயதாக இருந்த கோடையில் அந்தத் தடை ஒருநாள் தளர்ந்தது. காரணம் என் அப்பா.

அப்பா அந்த ஊருக்கு அதிகம் வரமாட்டார். அந்த வருஷம் கோர்ட் விடுமுறையில் எங்களை அழைத்துப் போக வந்தார். முதல் நாளே அந்த வீட்டின் கூச்சல் அவருக்குத் தலைவலி கொடுத்துவிட்டது. மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மாவிடம், "மதினி, ஒரே ஒரு மத்தியானம் பிள்ளைகளைக் கொஞ்சம் அடக்கி வைங்க. கண்ணை மூடி ரெண்டு நாளாச்சு" என்றார். தங்கையின் புருஷன், விருந்தாளி. பெரியம்மாவால் மறுக்க முடியவில்லை. எங்களைக் கூப்பிட்டு, "சித்தப்பா எந்திரிக்கிற வரைக்கும் மெதுவாப் பேசுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே தவித்துப்போய் முற்றத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பிறகு தெருவில் யாரோ கூப்பிட, கொஞ்ச நேரம் வெளியே போனாள்.

சத்தமில்லாமல் என்ன ஆடுவது? அண்ணன்தான் கண்ணாமூச்சி என்றான்.

அந்த வீட்டின் உள்கட்டில் ஆள் உயரத்துக்கு மண் குலுக்கைகள் நின்றன. நெல் கொட்டி வைக்கிறவை. மேலே ஒரு வாய், அதற்கு மண்ணாலேயே ஒரு மூடி. கீழே நெல்லை எடுக்க ஒரு சிறிய துளை, அதில் வைக்கோலை அடைத்திருக்கும். ஒன்று காலியாக இருந்தது. அண்ணன் என்னை உரல் மேல் ஏற்றித் தூக்கி அதற்குள் இறக்கினான். மூடியையும் நகர்த்தி வைத்தான். பிறகு அவன் ஓடி வேறிடத்தில் ஒளிந்தான். அவன் பிடிபட்ட சமயத்தில் தெருவில் நுங்கு வண்டி வந்துவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். நான் உள்ளே இருப்பது அண்ணனுக்கும் மறந்துவிட்டது.

உள்ளே நெல் வாசனையும் தூசியும். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வேர்த்தது. மூடியைத் தள்ளக் கை எட்டவில்லை. சுவர் வழுவழுப்பாக இருந்ததால் ஏற முடியவில்லை. மூச்சு இழுக்க இழுக்கக் குறைந்துகொண்டே வருவது போல் இருந்தது. இவ்வளவு நடந்தும் நான் கத்தவில்லை. அப்பா தூங்குகிறார். அவர் எழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூடியிருக்கிற மண் குலுக்கைக்குள் நான் மதுரைப் பிள்ளையாகவே உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றியது. தூக்கம் வருகிற மாதிரி கண் சொருகியது.

பெரியம்மா திரும்பி வந்ததைப் பிறகு தங்கை சொல்லித்தான் தெரியும். வாசலில் கால் வைத்ததும் வீடு மொத்தமும் கேட்கிற மாதிரி கத்தினாளாம். "எங்கடா சத்தத்தைக் காணோம்?" அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். நுங்கு தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் பதில் சொன்னார்கள். அவள் முற்றத்தில் நின்றபடியே, "இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னார்கள். என் பெயரைச் சொல்லி, "அவன் கொரலக் காணோமே" என்றாள்.

"எங்கயாச்சும் இருப்பான் மதினி, அவன் பேசவே மாட்டான்" என்றார் அப்பா.

"இங்க வந்தாப் பேசுவான்."

அவள் தேடவில்லை. எல்லாரையும் வாயை மூடச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். சுவர் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டே நடந்து உள்கட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு குலுக்கையாக வைக்கோல் அடைப்பைப் பிடுங்கிக் கீழே குனிந்து காதை வைத்தாள். அடைப்பைப் பிடுங்கியபோது என் காலடியில் விழுந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு உலக்கை இடி. மண் பொலபொலவென்று என் தலைமேல் சரிந்தது. மூடியைத் தூக்கி என்னை மேலே இழுக்கிற பொறுமையெல்லாம் அவளுக்கு இல்லை. குலுக்கையையே உடைத்துவிட்டாள்.

என்னை மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அழு" என்பது. நான் அப்பாவைப் பார்த்தேன். "அவரு கெடக்காரு, நீ அழுடா!" என்றாள். நான் அழுதேன். ஊரே வந்துவிட்டது.

அப்பா மறுநாள் விடிந்ததும் முதல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். எங்களை அழைத்துப் போகவில்லை. இருந்துவிட்டு வரட்டும் என்றார். பெரியப்பா உடைந்த குலுக்கையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "பழசு. எப்படியும் வேற போடணும்" என்று முடித்துக்கொண்டார்.

பெரியம்மாவின் ரகசியம் எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்து. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குத் தூரப் பார்வை மங்கி, மதுரையில் கண்ணாடி போட்டிருந்தேன். ஊருக்குப் போனபோது கிணற்று மேட்டில் அதே சாக்கு, அதே புளி. தெருப் பிள்ளைகள் கிணற்றில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அது என்னய்யா மூஞ்சில?"

"கண்ணாடி பெரியம்மா. போட்டாத் தூரத்துல இருக்கிறது தெரியும்."

"குடு பாப்போம்."

அவள் கண்ணுக்குச் சரியான கண்ணாடியாக அது இருந்திருக்காது. ஆனாலும் போட்டுக்கொண்டு தலையைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தென்னை மரத்தைப் பார்த்தாள். "ஓலை ஒண்ணொண்ணாத் தெரியுது" என்றாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்த பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கொடிக்கால் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாக, "இந்த மனுசனுக்கு இம்புட்டு நரைச்சுப் போச்சா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நெல் மூட்டைக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தது, கல்தூணை வரவேற்றது, தெருவில் பேசாமல் போவது, எல்லாம்.

"எப்ப இருந்து பெரியம்மா?"

"சின்னப் பிள்ளையில இருந்தே இப்படித்தான். கைக்கெட்டுற தூரம் நல்லாத் தெரியும். அங்கிட்டு எல்லாம் பொகை மாதிரி. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, இத்தனை எட்டு வச்சு நில்லு, கும்பிடுன்னு எங்க ஆத்தா சொல்லிக் குடுத்து அனுப்புச்சு. கண்ணு தெரியாதவள எவன் கட்டுவான்? அப்புறம் பிள்ளைக பொறந்துச்சு. கண்ணால பாக்க முடியாது. காதால பாத்துக்கிட்டேன்."

மதுரைக்கு வா, கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்றேன். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். "வேணாம்யா. இம்புட்டு நாள் தெரியாதது இப்ப ஊருக்குத் தெரியணுமா? அதோட இதப் போட்டுக்கிட்டா காது தூங்கிப் போகும். நீ யாருகிட்டயும் சொல்லாத." கிணற்றுக்குள் ஒருவன் "முங்குறேன்" என்றான். அவள் கையில் புளியம்பழம் நின்றது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா முதலில் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவளும் போய்விட்டாள். இனி இதைச் சொல்வதால் அவளுக்கு ஒரு தாழ்வும் இல்லை.

இந்தச் சித்திரையில் என் மனைவியையும் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அண்ணன் கொடிக்காலைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் பிள்ளைகள். பள்ளி திறப்பதற்குள் திருத்திக் கொடுக்க வேண்டிய பரீட்சைத் தாள்கள் என்னிடம் கட்டாக இருந்தன. காலையில் பிள்ளைகள் கிணற்றில் குளிக்க வேண்டும் என்றார்கள். நானே கூடப் போகிறேன் என்று சொல்லி, தாள்களோடு போய் அந்த வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். என் மகளுக்கு நீச்சல் தெரியாது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டேன். முடிச்சை நான்தான் போட்டேன்.

பிள்ளைகள் கத்தினார்கள். எனக்குத் தாள் ஓடவில்லை. பெரியம்மாவின் முறை எனக்கு மறந்துவிடவில்லை. நன்றாக நினைவிருந்தது. அவளுக்குக் கண் தெரியாது, அதனால் சத்தம் வேண்டியிருந்தது. எனக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே என்று நினைத்தேன். "சத்தம் போடாமக் குளிங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். வாத்தியார் சொன்னால் கேட்கிற பிள்ளைகள். அடங்கிவிட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஒரு தாள் திருத்துவேன், நிமிர்ந்து பார்ப்பேன். தண்ணீரில் வெயில் பளபளத்தது. தலைகள் தெரிந்தன. சுரைக்குடுக்கை மிதந்தது தெரிந்தது. குடுக்கை இருக்கிறது, ஆகவே மகள் இருக்கிறாள் என்று மறுபடி குனிந்துகொண்டேன்.

அண்ணனின் மனைவி மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு கொட்டத்திலிருந்து வந்தார். கிணற்றுக்கு இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கேட்டார்.

"என்ன கொழுந்தனாரே, சத்தத்தைக் காணோம்?"

"நான்தான் மதினி சும்மா இருக்கச் சொன்னேன்."

அவர் மாமியாரோடு அந்த வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தவர். அங்கிருந்தே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். என் மகள் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. மறுமுறை சொல்லவில்லை. ஓடி வந்து, கட்டியிருந்த சேலையோடு கிணற்றில் குதித்தார்.

அதன் பிறகுதான் நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த தாள்கள் காற்றில் பறந்தன. குடுக்கை தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதில் கட்டிய கயிறு அவிழ்ந்து தண்ணீரில் நீளமாகக் கிடந்தது. பிள்ளை கூப்பிடவில்லை, கையைக் காலை அடித்ததாகவும் கூட இருந்தவர்கள் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் இரு என்று சொன்ன அப்பா மேலே உட்கார்ந்திருந்தார் என்பதால் கூப்பிடவில்லையா, கூப்பிட முடியவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மதினி தலைமுடியைப் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. உதடு நீலமாக இருந்தது. என் மனைவி வீட்டிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. இன்னும் தட்டினார். ஒரு இருமல். பிறகு பிள்ளை ஓவென்று அழுதாள்.

நான் கண்ணைத் துடைத்துவிடப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டார்.

"அழட்டும் விடுங்க. நல்லாச் சத்தமா அழட்டும்."

மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நனைந்தும் கிழிந்தும் போன தாள்களுக்காகத் தலைமையாசிரியரிடம் நான் பேச்சு வாங்கியது தனிக்கதை. அது எனக்கு உறைக்கவில்லை. வந்தது முதல் என் மகள் அதிகம் பேசுவதில்லை. முன்பு எதற்கெடுத்தாலும் தம்பியோடு சண்டை போடுகிறவள், இப்போது அவன் பிடுங்கிக்கொண்டால் விட்டுக்கொடுத்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் நேற்று என் மனைவியிடம், "பொண்ணு இருக்கிற எடமே தெரியலையே, எவ்வளவு அடக்கம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். உள்ளே இருந்த என் காதில் அது விழுந்தது.

இதை நான் முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்கட்டில் அக்காளும் தம்பியும் மாம்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் குரல் விடாமல் கேட்கிறது. அவள் குரல் இல்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதிலிருந்து இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எழுந்து போய் எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்க்கவில்லை. என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் இந்த வீட்டில் இதுவரை எழுந்ததில்லை.

"எங்க சத்தத்தைக் காணோம்?"

பையன் பயந்து நிறுத்திவிட்டான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன்.

"ம்" என்றாள், வாய் நிறைய மாம்பழத்தோடு.